கொடி போர்த்தும்போதுதான் தெரிய வேண்டுமா?

நடிகர் டெல்லி கணேஷ் 2024 நவம்பர் 9 அன்று இரவு சென்னையில் காலமானார். அஞ்சலி செலுத்த வந்த கூட்டத்தில் இந்திய விமானப்படையினரும் இருந்தார்கள். தங்கள் படையின் கொடியை அவர் உடல்மீது போர்த்தி மரியாதை செய்தார்கள். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த பலரும் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது ஒன்றுதான்: “இவர் விமானப்படையிலா இருந்தார்?” நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் பார்த்துப் பழகிய ஒருவரின் பத்தாண்டுப் படைப்பணி, அவர் கண்மூடிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

ஊரறிந்த நடிகருக்கே இப்படியென்றால், ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்து பட்டாளத்துக்குப் போய், திரும்பி வந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஒருநாள் இறந்துபோகிறவரின் சேவை எங்கே பதிவாகிறது? யார் அதைச் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்வியை இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட, படைகளுக்கு ஆளெடுக்கும் அக்னிபத் திட்டத்தில் அக்னி வீரர்களாகச் சேரும் இளைஞர்களின் பணிக்காலம் நான்கு ஆண்டு. அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கினர் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் ஊர் திரும்புவார்கள். முதல் அணியினருக்கு 2026-ன் இறுதியிலிருந்து அந்த நான்கு ஆண்டு முடிகிறது. சேவா நிதியாக ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய் கையில் இருக்கும். ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை கிடையாது.

இருபதுகளிலேயே சீருடையைக் கழற்றிவிட்டு, அதன்பிறகு ஐம்பது ஆண்டு வேறு வாழ்க்கை வாழப்போகிறவர்கள் இவர்கள். கடை வைப்பார்கள், லாரி ஓட்டுவார்கள், ஆசிரியராவார்கள். ஓரிருவர் நடிகராகவும் ஆகலாம். படையில் கொஞ்சகாலம் இருந்துவிட்டு வேறு வாழ்க்கைக்கு வந்தவரை ஊர் எப்படி நினைவில் வைத்துக்கொள்ளும் என்பது இனி வீட்டுக்கு வீடு எழப்போகிற கேள்வி. டெல்லி கணேஷின் வாழ்க்கை அதற்கு நம்மிடம் உள்ள நல்ல உதாரணம்.

நாடகத்துக்கு முந்தைய சீருடை

தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டில் 1944 ஆகஸ்ட் 1 அன்று பிறந்தவர் கணேசன். 1964-ல் விமானப்படையில் சேர்ந்தார். 1974 வரை பணியாற்றினார். இந்தப் பத்தாண்டுக்குள் நாடு 1965, 1971 ஆகிய இரண்டு போர்களைச் சந்தித்தது. தலைநகர் டெல்லியில் இயங்கிவந்த தட்சிண பாரத நாடக சபாவில் அவர் நடித்தார். 1977-ல் வெளியான ‘பட்டினப்பிரவேசம்’ படத்தில் கே. பாலசந்தர் அவரை அறிமுகப்படுத்தினார். கணேசன் டெல்லி கணேஷ் ஆனதும் பாலசந்தரால்தான்.

அதன்பிறகு நடந்ததைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘பசி’யின் ரிக்‌ஷாக்காரத் தகப்பன், ‘சிந்து பைரவி’யின் மிருதங்கக்காரர், ‘நாயகன்’ படத்தில் வேலு நாயக்கரை விட்டு நகராத ஐயர், ‘மைக்கேல் மதன காமராஜ’னில் பாலக்காட்டுச் சமையற்காரர். ‘பசி’க்காகத் தமிழக அரசின் சிறப்புப் பரிசும், பின்னாளில் கலைமாமணி விருதும் பெற்றார். ஆடை அலங்காரமோ அடைமொழியோ இல்லாமல், பக்கத்து வீட்டு மனிதரைப் போலத் திரைக்குள் வந்து, படத்தைத் தாங்கிவிட்டுப் போகிறவர். ‘பசி’யில் அவர் ஒரு ரிக்‌ஷாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தோரணையிலேயே அந்த மனிதனின் கடன், குடி, மகள்மீதுள்ள பாசம் எல்லாம் தெரியும்.

ராணுவ ஒழுக்கம்தான் அவரை நல்ல நடிகராக்கியது என்று எழுதும் ஆசை எனக்கு இல்லை. அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. அவருடைய நடிப்பு அவருடையது. நான் சொல்ல வருவது வேறு. இருபது வயதிலிருந்து முப்பது வயது வரை, மனிதனின் உடலும் மனமும் நல்ல வலுவோடு இருக்கும் பத்தாண்டை அவர் நாட்டுக்குக் கொடுத்திருக்கிறார். அந்தப் பத்தாண்டுக்கு அதற்கென்றே ஒரு மரியாதை உண்டு. பின்னால் வந்த புகழின் அடிக்குறிப்பாக அது சுருங்கிவிடக் கூடாது.

நம் திரையுலகம் ராணுவப் பதவிகளைத் தாராளமாக வழங்கியிருக்கிறது. மேஜர் சுந்தரராஜனுக்கு அந்த ‘மேஜர்’ பாலசந்தரின் ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகத்தில் நடித்ததால் வந்தது. அந்தப் பெயரை அவர் கண்ணியத்தோடு சுமந்தார்; குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், உண்மையிலேயே படையில் பத்தாண்டு இருந்தவரின் பெயரில் ஊர் மட்டும்தான் ஒட்டிக்கொண்டது, படை ஒட்டவில்லை. கேரளத்திலும் இதே கதை உண்டு. ‘கோளிளக்கம்’ படப்பிடிப்பின்போது 1980 நவம்பர் 16 அன்று சென்னையை அடுத்த சோழவரத்தில் ஹெலிகாப்டர் சண்டைக் காட்சியில் உயிரிழந்த நடிகர் ஜெயன், சினிமாவுக்கு வருமுன் கடற்படையில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். அவருடைய சாகச மரணம் எல்லோருக்கும் தெரியும். கடற்படைக் காலம் ரசிகர்களுக்குள்ளேயே தங்கிவிட்டது.

விமானப்படை என்றதும் விமானம் ஓட்டியவர் என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஓட்டுகிறவர் ஒருவர், அவரை வானத்தில் வைத்திருக்கத் தரையில் இரவுபகலாக நிற்கிறவர்கள் பலர். இயந்திரம் பார்ப்பவர், ஆயுதம் ஏற்றுபவர், தொலைத்தொடர்பு பார்ப்பவர், கணக்கு எழுதுபவர், சமைப்பவர் என்று அந்தப் பட்டியல் நீளும். பதக்கம் வாங்கியவர்களை நாம் நினைவில் வைக்கிறோம், அது சரியே. பதக்கம் வாங்காதவர்கள்தாம் படை.

நாய்க்கும் பெயர் எழுதிய மண்

இதை ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. படைப்பணியை நினைவில் வைப்பது எப்படி என்று தமிழகத்தில் யாராவது இன்னொருவருக்குச் சொல்லித்தர வேண்டுமென்றால், அந்தத் தகுதி இந்த வட்டாரத்துக்குத்தான் உண்டு.

மலையின் தெற்கே செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் ‘செங்கம் நடுகற்கள்’ என்றே ஒரு நூல் வெளியிட்டது. பல்லவர் காலத்தில் ஆநிரை கவரும் சண்டையிலும் ஊர்ச் சண்டையிலும் இறந்தவர்களுக்கு ஊரார் நட்ட கற்கள் இவை. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தத் தலைவனின் கீழ் பணியாற்றியவன், பெயர் என்ன, எதற்காக எப்படி இறந்தான் என்று நாலைந்து வரியில் வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அளந்து வைத்ததுபோன்ற எழுத்து. ஒரு படைவீரரின் பணிப் பதிவேட்டில் இன்று இருக்கும் அடிப்படைத் தகவல்கள் அத்தனையும் அந்தக் கல்லில் இருக்கின்றன.

எடுத்தனூர்க் கல் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் தொறுவை, அதாவது ஆநிரையை, காக்கும் சண்டையில் இறந்துபோகிறான். கல்லில் அவன் உருவத்தோடு அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்துநின்றது என்றும், அதன் பெயர் கோவிவன் என்றும் எழுதியிருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் இந்த மண், காவல் காத்த நாயின் பெயரைக்கூட விட்டுவிடவில்லை.

இன்றும் பல ஊர்களில் இந்தக் கற்கள் வேடியப்பன் கோயில்களாக இருக்கின்றன. பொங்கல் வைக்கிறார்கள், நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள். கல்லில் உள்ள எழுத்தை வாசிக்க இப்போது ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால், காத்தவனைக் கும்பிட வேண்டும் என்பது மறக்கவில்லை.

பிறகு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். முதல் உலகப் போர் முடிந்தபின், இந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், உயிர் கொடுத்தவர்கள் இத்தனை பேர் என்று சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் கல்வெட்டுப் பலகை பதித்தார்கள். அதில் எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. கடல் தாண்டிப் போய் மெசபடோமியாவிலும் பிரான்சிலும் செத்துப்போன நம்மூர்ப் பையன் ஓர் இலக்கமாகச் சுவரில் நிற்கிறான்.

இப்போதோ பல ஊர்களில் அந்தப் பலகைகூட இல்லை.

‘மிலிட்டரிக்காரர் வீடு’

வேலூர் மாவட்டத்தில், இந்த மலைத்தொடரின் வடபகுதியை ஒட்டியுள்ள கணியம்பாடி ஒன்றியத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பதால் அதை ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஆள் அனுப்பும் ஊர். அங்கே மட்டும் இல்லை. அணைக்கட்டு, போளூர், செங்கம், ஆலங்காயம் பக்கத்து ஊர்களில் எந்தத் தெருவில் கேட்டாலும் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று ஒரு வீட்டைக் கைகாட்டுவார்கள்.

அந்த வீட்டுக்குள் போய், “எந்த ரெஜிமென்ட்? எந்த வருஷம் சேர்ந்தார்? எங்கெல்லாம் இருந்தார்?” என்று கேட்டுப் பாருங்கள். மகனுக்குப் பாதி தெரியும், பேரனுக்கு ஒன்றும் தெரியாது. கட்டிலுக்கு அடியில் ஒரு தகர டிரங்குப் பெட்டி இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயின்டால் எழுதிய எண்ணும் பெயரும் பாதி உரிந்திருக்கும். உள்ளே பிளாஸ்டிக் உறைக்குள் டிஸ்சார்ஜ் புத்தகம், மடிப்பில் கிழிந்த ஓய்வூதிய ஆணை, மங்கிய குழுப் படம் ஒன்று. படத்தில் எந்த முகம் தாத்தா என்பதைக் காட்ட இப்போது பாட்டி மட்டும்தான் இருக்கிறார்.

இதை உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. மறதிக்கு வீட்டுச் செலவிலேயே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

கணவர் இறந்ததும் குடும்ப ஓய்வூதியத்துக்கு மனைவி விண்ணப்பிக்கிறார். படை ஆவணத்தில் அவர் பெயர் ஒருவிதமாக இருக்கும், ஆதாரில் வேறுவிதமாக இருக்கும். பிறந்த தேதி பொருந்தாது. திருமணத்தைப் பணிக்காலத்தில் பதிவு செய்யாமலே விட்டிருப்பார்கள். ஒவ்வொன்றையும் சரிசெய்ய, படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். அது எந்த ஊரில் இருக்கிறது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர் எந்தப் பிரிவில் இருந்தார் என்பதே தெரியாது. கணவர் உயிரோடு இருந்தபோது ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

மலைமேல் இருப்பவர்களுக்கு இன்னொரு சிரமம். மலை ஒன்றுதான், அது கிடப்பது திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில். ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மூதாட்டி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போக வேண்டுமென்றால் போளூர் வழியாக இறங்கித் திருவண்ணாமலைக்குப் போக வேண்டும். ஒரு சான்றிதழ் விட்டுப்போனால் இன்னொரு நாள் கூலி போச்சு, இன்னொரு நாள் பஸ் செலவு.

“வேலை செய்தார்கள், சம்பளம் வாங்கினார்கள், ஓய்வூதியமும் வாங்குகிறார்கள். இதற்குமேல் என்ன மரியாதை?” என்று கேட்பவர்கள் உண்டு. அதிகாரி நிலைக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பணி ஓய்வூதியம் கிடைக்கப் பொதுவாக 15 ஆண்டுப் பணி வேண்டும். அதற்குமுன் வெளியே வந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான்கு ஆண்டில் திரும்பும் அக்னி வீரர்களுக்கோ அந்தப் பேச்சே இல்லை. மாதாமாதம் பணம் வராத இடத்தில், ‘இவர் நமக்காகப் போனவர்’ என்ற ஊரின் ஒப்புதல் ஒன்றுதான் அவர்களுக்கு மிஞ்சும் சொத்து. அதையும் கொடுக்காமல் விடுவது நியாயம் ஆகாது.

புகழைப் பொறுத்தா மரியாதை?

டெல்லி கணேஷுக்கு விமானப்படை செய்த மரியாதை நிறைவானது, முறையானது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வெளியேறிய ஒருவரைத் தன்னவர் என்று படை வந்து நின்றதை எண்ணி நெஞ்சு நெகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அதே படையில் அதே காலத்தில் இருந்துவிட்டு, சினிமாவுக்கு வராமல் ஊருக்கு வந்த இன்னொருவர் இறக்கும்போது என்ன நடக்கிறது? தகவல் சொல்ல ஆள் இருக்கிறதா, பக்கத்தில் படைத்தளம் இருக்கிறதா, முன்னாள் வீரர்கள் சங்கம் விழிப்போடு இருக்கிறதா என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்குக் கிடைப்பது மலையடிவாரத்தில் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2000 ஜனவரி 1 முதல், நற்பெயரோடு படையிலிருந்து விடுபட்ட எவர் இறந்தாலும், குடும்பத்தார் கேட்டால், சீருடையில் குறைந்தது இருவர் வர வேண்டும். கொடியை மடித்துக் குடும்பத்தின் கையில் கொடுக்க வேண்டும். இறுதிக் கொம்பிசை ஒலிக்க வேண்டும். இறந்தவர் நடிகரா, தச்சரா என்று யாரும் கேட்பதில்லை.

அந்த நாட்டின் புகழ்பெற்ற நடிகர் லீ மார்வின் 1987-ல் இறந்தார். ஆஸ்கர் விருது வாங்கியவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் காலாட்பிரிவில் சாதாரணப் படைவீரராக இருந்து, 1944-ல் சைபான் தீவில் காயம்பட்டவர். ஆர்லிங்டன் ராணுவ இடுகாட்டில் அவர் கல்லறைக் கல்லில் பெயர், கீழ்நிலைப் படைவீரர் என்ற பதவி, படைப்பிரிவு, போர், பிறந்த நாள், இறந்த நாள் ஆகியவை மட்டும் இருக்கின்றன. நடிகர் என்ற குறிப்பே இல்லை. சுற்றியிருக்கும் ஆயிரக்கணக்கான கற்களில் பெரும்பாலானவை அதே அளவு, அதே வடிவம். நம் செங்கத்துக் கல்வெட்டுக்காரர் அதைப் பார்த்திருந்தால் தன் வேலை என்று சொல்லியிருப்பார்.

செய்யக்கூடியவை

பெரிய நிதியோ புதிய சட்டமோ தேவைப்படாத வேலையிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு ஊராட்சியும் ஒரு படைப்பணிப் பதிவேடு வைக்கட்டும். பெயர், படைப்பிரிவு, சேர்ந்த ஆண்டு, வெளிவந்த ஆண்டு, பணியாற்றிய இடங்கள், அவ்வளவு போதும். நான்கு ஆண்டு இருந்தவரும் நாற்பது ஆண்டு இருந்தவரும் ஒரே பட்டியலில் இருக்க வேண்டும். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 கிராம சபைகளில் அந்தப் பெயர்களை வாசிக்க ஐந்து நிமிடம் ஆகும். விவரம் சேகரிக்கும் வேலையை அந்தந்த ஊர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கொடுக்கலாம். பாட்டியிடம் உட்கார்ந்து, அந்தக் குழுப் படத்தில் தாத்தா யார் என்று கேட்டு எழுதுவதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் அவர்களுக்குக் கிடைக்காது. அவரும் போய்விட்டால் கேட்க ஆள் இல்லை என்பதால், இது தள்ளிப்போடக் கூடாத வேலை.

அடுத்தது இறுதி மரியாதை. முன்னாள் படைவீரர் ஒருவர் இறந்தால், கிராம நிர்வாக அலுவலர் அன்றே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும். அங்கிருந்து ஒரு மலர்வளையம், சீருடையில் இருவர். படையினர் வர முடியாத தொலைவில் காவல் துறையினரோ, பக்கத்துக் கல்லூரியின் தேசிய மாணவர் படையினரோ வந்து நிற்கலாம். ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று கொடி நாளுக்கு நிதி திரட்டுகிறோம்; அதில் ஒரு சிறு பங்கு இதற்குத் தாராளமாகப் போதும். அதே வருகையில் அலுவலகப் பணியாளர் ஒருவர் குடும்ப ஓய்வூதியப் படிவத்தையும் கையோடு எடுத்துவந்தால், மரியாதையும் நடக்கும், வேலையும் முடியும்.

மலைக்கு என்று தனியாக ஒன்று. ஜமுனாமரத்தூரில் மாவட்ட நிர்வாகம் கோடை விழா நடத்துகிறது. துறைக்கு ஓர் அரங்கு போடுகிறார்கள். அங்கே முன்னாள் படைவீரர் நலத்துறை ஓர் அரங்கு போட்டு, பெயர்த் திருத்தம், வாழ்நாள் சான்று, அடையாள அட்டை ஆகிய மூன்றையும் அங்கேயே முடித்துக் கொடுக்க வேண்டும். மூன்று மாவட்டத்து அலுவலர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், எந்த மாவட்டம் என்ற கேள்வியே அந்த நாளில் எழாது. முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தை மாநில அரசு 2024 சுதந்திர தின உரையில் அறிவித்தது. அந்த விண்ணப்பங்களையும் அங்கேயே வாங்கலாம். நான்கு ஆண்டில் திரும்பும் அக்னி வீரர்களுக்கு இதில் இடம் உண்டா என்பதை அவர்கள் ஊர் வந்து சேருமுன்பே அரசு தெளிவாக்க வேண்டும்.

டெல்லி கணேஷுக்கு வருவோம். கலைஞர்கள் பெயரைத் தெருவுக்கு வைக்கும் நல்ல வழக்கம் நம்மிடம் இருக்கிறது. விருகம்பாக்கத்தில் நடிகர் விவேக் பெயரிலும், நுங்கம்பாக்கத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பெயரிலும் சாலைகள் உண்டு. டெல்லி கணேஷ் பெயரில் எங்கே எது அமைந்தாலும், பெயர்ப்பலகையில் ‘திரைக் கலைஞர்’ என்பதோடு ‘இந்திய விமானப்படை, 1964-1974’ என்ற வரியும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். நடிகர் சங்கம் தன் உறுப்பினர்களில், ஒளிப்பதிவாளர், சண்டைக் கலைஞர், துணை நடிகர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களில், முன்பு படையில் இருந்தவர்கள் யார் யார் என்று கணக்கெடுத்து, உயிரோடு இருக்கும்போதே கூப்பிட்டு அமரவைத்து மரியாதை செய்யலாம்.

வல்லநாட்டில் அவர் பெயரில் ஒரு கல் வைப்பதானால், அந்த ஊரிலிருந்து முப்படைக்கும் போன மற்ற எல்லோருடைய பெயரையும் அதிலேயே அகர வரிசையில் பொறிக்க வேண்டும். கணேசன் என்ற பெயர் அந்த வரிசையில் எந்த இடத்தில் வருகிறதோ அங்கேயே இருக்கட்டும். கம்மவான்பேட்டையிலும் ஜமுனாமரத்தூரிலும் அதே மாதிரிக் கல்லை வைக்க, ஊராட்சித் தீர்மானம் ஒன்று போதும். வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே அதைக் கொண்டுவரலாம்.